காதுக்குள் இருந்தவள் – அத்தியாயம் 17

விடிந்ததிலிருந்தே ஷீனாவுக்கு எங்கேயாவது உட்கார வேண்டும் போலிருந்தது. சும்மா, யாரிடமும் எதுவும் சொல்லாமல்.

அதற்கு வழியில்லை. முன்னறையில் அப்பா பொன்னுதாஸ் கண்ணாடி முன்னால் நின்று சட்டை மாற்றிக்கொண்டிருந்தார். முற்றத்தில் தம்பி நிஜின் காரின் கண்ணாடியில் விழுந்திருந்த ரப்பர் இலைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தான். ஆரியங்கோட்டில் இரவு முழுக்க மழை. இப்போதும் தோட்டத்தில் மரங்கள் சொட்டிக்கொண்டிருந்தன.

"எலே நிஜினே, எனக்க கறுப்புக் கோட்டெ எடுத்து வச்சியா?"

"வச்சாச்சு அப்பா!"

"வச்சியான்னு கேட்டேன்!"

நிஜின் அடுக்களை ஜன்னல் வழியாக அக்காவைப் பார்த்துக் கண்ணடித்தான். "பாத்தியா? நான் என்ன சொன்னாலும் மதிக்க மாட்டாரு. சார்ஜாவிலெ இருக்கச்செயும் இதே கதெதான். போன் போட்டா ரெண்டு வார்த்தெ. உடனெ அம்மாட்டெ குடுத்திருவாரு. நான் நாட்டெ விட்டுப் போன கோபம் இப்பமும் தீரல்லெ."

ஷீனா அவன் கண்ணைப் பார்க்காமல் நேராக முன்னறைக்குப் போனாள். அப்பாவின் முகத்துக்கு நேரே நின்று, வாயை நன்றாகத் திறந்து சொன்னாள்.

"கோட்டு கார்லெ இருக்கு அப்பா."

"அப்படிச் சொல்லு," என்றார் பொன்னுதாஸ், திருப்தியுடன்.

அப்பாவுக்குக் காது கேட்காது. இது ஷீனாவுக்குத் தெரியும், அம்மா விமலகுமாரிக்குத் தெரியும், கேமராக்காரன் உண்ணிக்குத் தெரியும். வேறு ஒருவருக்கும் தெரியாது. தெரிந்தால் எல்லை விஷன் கேபிள் சேனலில் இருபத்திநாலு வருடமாக நடக்கும் 'பதில் உண்டோ?' நிகழ்ச்சி என்றைக்கோ நின்றுபோயிருக்கும்.

அந்த நிகழ்ச்சியைப் பார்க்காத வீடு பாறசாலைக்கும் வெள்ளறடைக்கும் நடுவில் இல்லை என்று சொன்னால் மிகையில்லை. வியாழக்கிழமை சாயங்காலம் அப்பா கையில் ஒரு தாளும் இல்லாமல் வந்து நிற்பார். கேள்வியை முதலில் மலையாளத்தில் கேட்பார், பிறகு தமிழில். பதில் சொன்னவரைச் சாய்ந்து பார்த்து, "உறப்பா? உறுதியா?" என்பார். கிரிக்கெட் விளையாடும் பையன்கள் நடுவரிடம் அதைத்தான் கேட்பார்கள். ஆரியங்கோடு பஸ்ஸில் இறங்குமிடம் சொன்னால் கண்டக்டரும் அதைத்தான் கேட்பான்.

முதலில் வலது காது போனது. அடுத்த வருடம் இடது. காது மெஷின் வைக்கச் சொன்ன டாக்டரிடம் அப்பா முகம் கொடுக்கவில்லை. "கேள்வி கேக்கிறவனுக்குக் காது கேக்காதுன்னு தெரிஞ்சா நாட்டார் சிரிப்பாவ," என்றார். நேரம் முடிவதைச் சொல்வதற்காக சேனலில் ஒரு இயர்பீஸ் வாங்கிக் கொடுத்திருந்தார்கள். சத்தத்தை முழுக்கக் கூட்டிக் காதுக்குள் வைத்தால் அது மட்டும் அவருக்குக் கேட்டது. அதன் மறுமுனையில் மைக்கோடு உட்கார்ந்தவள் ஷீனா. லேப் வேலை முடித்து வருகிற வழியில் ஒரு உதவி, அவ்வளவுதான். ஒருநாள் ஒரு பதிலைத் திருப்பிச் சொன்னாள். பிறகு எல்லாப் பதிலையும். பிறகு பெயர், ஊர், கிண்டல் எல்லாவற்றையும். 'சிரிக்கிறாவ அப்பா.' 'கை தட்டுறாவ, கொறச்ச நேரம் நில்லுங்க.' 'இந்தப் பொண்ணு அழுது, பையப் பேசுங்க.'

எட்டு வருடம். தொண்டை கரகரக்காத வெள்ளிக்கிழமை ஒன்றுகூட அவளுக்கு நினைவில் இல்லை.

இன்றோடு அது முடிகிறது. அப்பாவுக்கு வயதாகிவிட்டது, புது முகம் வேண்டும் என்று சேனல் முதலாளி மோகனன் போன மாதம் பக்குவமாகச் சொன்னார். அப்பாவும் பக்குவமாக ஒத்துக்கொண்டார். தேர்வுகள் நடந்து, இரண்டு பேர் மிஞ்சினார்கள். ஒருவன் நிஜின். நல்ல குரல், நல்ல உயரம், பொன்னுதாஸின் மகன். மற்றவள் ரெஷ்மா, திருவனந்தபுரத்தில் ரேடியோவில் பேசுகிற பெண். அந்த நாற்காலிக்காகத்தான் நிஜின் சார்ஜா வேலையை விட்டுவிட்டு வந்திருக்கிறான். இன்று அதியன்னூரில் ஒரு கல்யாண ஆடிட்டோரியத்தில், ஊர் முன்னால், இருவரில் ஒருவரை அப்பாவே சொல்ல வேண்டும்.

யார் வந்தாலும் ஷீனாவுக்குச் சரி. இருவருக்கும் காது நன்றாகக் கேட்கும்.

அம்மா பிளாஸ்கில் தொண்டைக்குச் சுக்குவெள்ளம் ஊற்றி நீட்டினாள். அம்மாவுக்கு முட்டுவலி. பதிவுக்கு அவள் வருவதில்லை.

"இண்ணைக்கோட முடியும் மக்கா. பின்னெ தொண்டைக்கு ஓய்வு."

"ம்."

"உண்ணி என்ன சொன்னான்?"

ஷீனா பிளாஸ்க் மூடியைத் திருகினாள். போன ஞாயிறு நெய்யாற்றின்கரை பஸ் ஸ்டாண்டில் உண்ணி சொன்னதை அம்மாவிடம் அவள் பாதிதான் சொல்லியிருந்தாள். கொச்சியில் பெரிய சேனலில் அவனுக்கு வேலை. ஒண்ணாம் தேதி சேர வேண்டும். 'நீ வாறியா, இல்லியா? இந்தத் தடவெ அப்பாவெச் சொல்லாதே. ஒனக்கு என்ன வேணும்னு சொல்லு,' என்று கேட்டிருந்தான். அப்பா நாற்காலியை விட்டு இறங்கட்டும் என்று அவள் வழக்கம்போலச் சொல்லிவிட்டு வந்தாள். அது பதிலே இல்லை என்று அவனுக்கும் தெரியும்.

"அம்பலத்துக்குப் போறவனாச்சேன்னு எனக்கொரு வருத்தம் உண்டு," என்றாள் அம்மா, அடுப்பைப் பார்த்துக்கொண்டே. "அதெ நான் கர்த்தர்ட்டெ பேசிக்கிடுவேன். நீ அந்தப் பயலெ இனியும் காக்க வைக்காதே. ஒனக்கும் முடி நரைக்குது."

"நல்ல நேரத்திலெ சொன்னீங்க."

"உள்ளதெத்தானே சொல்லுறேன்."

கார் ஹாரன் அடித்தது.

---

ஆடிட்டோரியத்தின் பின்பக்கம், மாடியில், ஒலிக்கருவிகள் வைக்கிற சின்ன அறை. முன்சுவர் முழுக்கக் கண்ணாடி. அங்கிருந்து பார்த்தால் மேடை நேராகத் தெரியும். ஷீனா ஹெட்போனை மாட்டினாள். பக்கத்தில் ஒரு சின்னத் திரை, உண்ணியின் கேமரா பார்ப்பதெல்லாம் அதில் வரும். கையருகே மைக், அதன் அடியில் பொத்தான். அழுத்தினால் அவள் குரல் அப்பாவின் காதுக்குள் மட்டும் போகும்.

"அப்பா, கேக்குதா?"

மேடைக்குப் பின்னால் ஒப்பனை அறையிலிருந்து இருமல் ஒன்று வந்தது. கேட்கிறது என்று அர்த்தம். அப்பாவின் சட்டைக் காலரில் மைக் இருக்கிறது. அவரைச் சுற்றிப் பேசுவதெல்லாம் அவளுக்குக் கேட்கும். அவள் திருப்பிச் சொல்வாள்.

திரையில் உண்ணியின் கேமரா கூட்டத்தின் மேல் மெதுவாக நகர்ந்தது. சர்ச்சிலிருந்து ஒரு பெஞ்சு முழுக்கப் பெண்கள் வந்திருந்தார்கள். குடும்பஸ்ரீ மகளிர் குழுக்காரிகள் இன்னொரு பக்கம். பிறகு கேமரா மேலே எழும்பி, கண்ணாடியில் ஒரு நொடி நின்றது. திரையில் ஷீனா தன்னையே பார்த்தாள். தூக்கம் கெட்ட முகம். கேமரா சட்டென்று இறங்கிவிட்டது.

ஹெட்போனில் மோகனனின் குரல் வந்தது. வெள்ளை வேட்டியும் சந்தனமுமாக அவர் நிற்பது பார்க்காமலே தெரிந்தது.

"பொன்னுதாஸண்ணா, ஒரு ஐடியா உண்டு. புது ஆளு கேள்வி கேக்கணும் இல்லியா? யார்ட்டெ கேக்கணும்? அண்ணன்கிட்டெ! அண்ணன் பதில் நாற்காலியிலெ இருக்கணும். ஊரு எளகிப் போகும்."

ஷீனா பொத்தானை அழுத்தித் திருப்பிச் சொன்னாள். "பதில் நாற்காலியிலெ நீங்க இருக்கணுமாம் அப்பா. அவங்க ரெண்டுபேரும் உங்ககிட்டெ கேள்வி கேப்பாவளாம்."

"அதுக்கென்ன! ரொம்ப சந்தோஷம்!" என்றார் அப்பா, அதே கம்பீரத்துடன்.

"ஊரு எளகிப் போகுமாம்," என்று மிச்சத்தையும் சொல்லிவிட்டு ஷீனா சுக்குவெள்ளம் ஒரு வாய் குடித்தாள்.

எட்டு வருடப் பழக்கம் அது. வார்த்தைகள் ஒரு காதில் ஏறி வாய் வழியாக இறங்கிப் போய்க்கொண்டே இருக்கும். என்ன சொன்னோம் என்று அவள் யோசிப்பதில்லை. யோசித்தால் அடுத்தது தவறிவிடும். அப்பாவும் யோசிக்கவில்லை. மகளின் குரல் காதுக்குள்ளேயே குடியிருந்ததில், தனக்குக் கேட்காது என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது.

தட்டத்தைப் பற்றி இருவருமே நினைக்கவில்லை.

---

'பதில் உண்டோ?'வில் ஒரு சடங்கு உண்டு. யாரோ ஒருவன் எப்போதோ காதில் ஒளித்துவைத்த கருவியோடு வந்து பிடிபட்ட பிறகு அப்பாவே கொண்டுவந்தது. பதில் நாற்காலியில் உட்காருவதற்கு முன் போட்டியாளர் எல்லாவற்றையும் ஒரு எவர்சில்வர் தட்டத்தில் வைத்துவிட வேண்டும். அப்பா தட்டத்தை இரண்டு கையாலும் நீட்டி, பாட்டுப் போல ஒரு வரி சொல்வார். கூட்டமும் கூடவே சொல்லும்.

குலுக்கலில் நிஜினுக்கு முதல் வாய்ப்பு விழுந்தது. அப்பாவுடையது போலவே ஒரு கறுப்புக் கோட்டில் அவன் உண்மையிலேயே நன்றாக இருந்தான். தட்டத்தை அப்பாவின் முன் நீட்டினான். கூட்டம் சேர்ந்துகொண்டது.

"கையில் உள்ளது! பையில் உள்ளது! காதில் உள்ளது!"

ஷீனா நிமிர்ந்தாள்.

அப்பா சிரித்துக்கொண்டே கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்தார். போனை வைத்தார். பேனாவை வைத்தார். பிறகு வலது கை காதுக்குப் போனது.

"அப்பா, வேண்டாம்," என்றாள் ஷீனா. "அப்பா!"

டிங் என்றது தட்டம்.

அவள் இன்னும் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தாள். அப்பா அப்பா என்று அவள் கூப்பிட்டது, பேனாவுக்கும் கடிகாரத்துக்கும் நடுவில், தட்டத்துக்குள் எங்கோ பூச்சி மாதிரிக் கேட்டிருக்கும். நிஜின் தட்டத்தை மேசையில் வைத்துவிட்டு கேமராவைப் பார்த்துத் திரும்பினான்.

"நெய்யாறு ஏது மலயில்நின்னு உத்பவிக்குன்னு?" என்று கணீரென்று கேட்டான். "நெய்யாறு எந்த மலையிலெ பிறக்குது?"

அவனுடைய முதுகுதான் அப்பாவுக்குத் தெரிந்தது.

அப்பா கூட்டத்தைப் பார்த்துப் புன்னகை செய்தார். கூட்டம் சிரித்தது. நெய்யாறு கால் நனைக்கிற ஊரில் அதைத் தெரியாதவர் உண்டா? பெரியவர் விளையாடுகிறார் என்று நினைத்தார்கள்.

நிஜின் மறுபடியும் கேட்டான், இம்முறை பாதி திரும்பி. அப்பாவின் புன்னகை அப்படியே இருந்தது. கண்கள் மட்டும் அதிலிருந்து கழன்று அங்குமிங்கும் போயின. ஷீனாவுக்கு அந்தக் கண்களைத் தெரியும். சர்ச்சில் பிரசங்கத்தின்போது, கல்யாண வீடுகளில் ஆட்கள் கூடிப் பேசும்போது, அவர் இப்படித்தான் முழிப்பார்.

"அப்பா, விளையாடாதீங்க," என்று நிஜின் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னது அவன் மைக்கிலேயே கேட்டது. "எனக்க சான்ஸ் இது."

சிரிப்பு மெதுவாக வடிந்தது. அப்பாவின் கை காதுக்குப் போய், வெறும் காதைத் தொட்டுவிட்டுத் திரும்பியது.

அப்புறம் அவர் கண்ணாடியைப் பார்த்தார்.

எட்டு வருடத்தில் ஒருதடவைகூட அவர் அவள் இருக்கும் பக்கம் பார்த்ததில்லை. பார்க்கக்கூடாது என்பது அவர்களுக்குள் முதல் விதி. இப்போது பார்த்தார், வலது கையைத் தூக்கினார்.

"துணெ வேணும்," என்றார்.

அதுவும் நிகழ்ச்சியின் வழக்கம்தான். பதில் தெரியாதவர் கூட்டத்திலிருந்து ஒருவரைத் துணைக்குக் கூப்பிடலாம். கைதட்டல் எழும்பியது. நிஜின், "யாரெ வேணும்?" என்று கேட்டான். அப்பாவுக்கு அது கேட்டிருக்காது. ஆனால் அந்த இடத்தில் என்ன கேட்பார்கள் என்று அவருக்குத் தெரியாதா?

"அந்தா, மேலெ. கண்ணாடிக்குப் பொறத்தெ. எனக்க மவ."

எல்லாத் தலைகளும் திரும்பின.

எழும்பாமல் இருக்கலாம் என்று ஷீனாவுக்குத் தோன்றியது. ஒரு நொடிதான். ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுப் படியிறங்கினாள். லேப்புக்குப் போட்டுக்கொண்டு போகிற அதே சாதாரணச் சுடிதார். கேமராவைக் கடக்கும்போது உண்ணி முகத்தைத் திருப்பாமல், உதடு மட்டும் அசையச் சொன்னான்.

"கேமராவெப் பாக்காதே. அவரெப் பாரு. போ."

அவள் மேடையேறினாள். கூட்டத்துக்கு முதுகைக் காட்டி அப்பாவுக்கு நேரே நின்றாள். வீட்டில் முன்னறையில் நிற்பதுபோல.

"நெய்யாறு. எந்த. மலையிலெ. பிறக்குது?"

"அகத்தியர் மலெ!" என்றார் பொன்னுதாஸ். கூரை அதிர்ந்தது. காது கேட்காதவர்கள் கத்துகிற கத்தல் அது, இயர்பீஸ் இல்லாததால் அதைக் குறைக்கச் சொல்ல ஆளில்லை.

யாரும் தட்டவில்லை. முன்வரிசையில் ஒரு பெண் பக்கத்திலிருந்தவளிடம், "அய்யோ சத்தியபாயி, இவருக்குக் காது கேக்காதா?" என்றாள். அது ஒவ்வொரு வரிசையாகப் பின்னால் போனது.

நிஜின் மைக்கை அணைத்துவிட்டு அக்காவின் பக்கத்தில் வந்தான். முகம் வெளுத்திருந்தது.

"எப்பம் முதல்?"

"எட்டு வருஷம். ஒண்ணாட்டுப் போகல்லெ. ஒவ்வொண்ணா."

"அப்பம் போன்லெ..."

"ஒனக்க சத்தம் கேக்காது நிஜினே. அதாக்கும் அம்மாட்டெ குடுத்தது."

"கோபம்னு நெனச்சேன் அக்கா." அவன் குரல் உடைந்தது. "எத்தனெ ராத்திரி... ஒருத்தராவது எனக்குச் சொல்லப்பிடாதா?"

சொல்லப்பிடாது என்று அப்பா சொன்னார். அவள் சொல்லவில்லை. மற்றவர்கள் சொன்னதைச் செய்வது அவளுக்குப் பழகிப்போன வேலை.

நிஜினுக்கு மிச்சமிருந்த கேள்விகளை அவன் கேட்கவில்லை. மைக்கைக் கொண்டுபோய் ரெஷ்மாவின் கையில் வைத்துவிட்டு மேடையின் இடது ஓரத்தில் போய் நின்றான்.

---

ரெஷ்மாவை ஷீனாவுக்கு அவ்வளவாகப் பிடிக்காது. எந்நேரமும் போனில் பேசிக்கொண்டிருப்பாள், எல்லாரையும் சேட்டா என்பாள், காலையில் வந்ததும் வராததுமாக "மேடம், ஈஸி கேள்வி ஒண்ணு தருமோ?" என்று கேட்டவள்.

அவள் ஓரத்தில் நின்று கொஞ்ச நேரம் அப்பாவைப் பார்த்தாள். பிறகு ஹீல்ஸ் செருப்பைக் கழற்றித் தள்ளிவிட்டு, ஒரு ஸ்டூலை இழுத்து, அப்பாவின் முட்டோடு முட்டு இடிக்கிற மாதிரிப் போட்டு உட்கார்ந்தாள். கேமராவுக்கு அவள் முதுகுதான் தெரிந்தது.

"முகம்! முகம்!" என்று திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து மோகனன் கையை ஆட்டினார்.

"ஒரு மினிட்டு சாரே," என்றாள் அவள், திரும்பாமல். அப்பாவின் கையைத் தட்டினாள். "அங்கிளே. என்னெப் பாருங்க. எங்க தாத்தா, அப்பூப்பனுக்கும் இப்படித்தான், எனக்குப் பழக்கமாக்கும். அவரு இங்கிலீஷ் படம் பாத்துக் கெட்ட வார்த்தெ மட்டும் சரியாப் பிடிப்பாரு."

அப்பா சிரித்துவிட்டார். உண்மையான சிரிப்பு.

ரெஷ்மா கேட்டாள், நிதானமாக, வாய் திறந்து. அப்பா சொன்னார். அடுத்ததையும் சொன்னார். மூன்றாவதற்கு, "இது எட்டாங்கிளாஸ் கேள்வி, எனக்குத் தரம் கொறஞ்சு போச்சு," என்று கிண்டலடித்தார். கூட்டம் கைதட்டியது. அது அவருக்குக் கேட்காது என்று ரெஷ்மாவே அவர் முகத்துக்கு நேரே தன் கைகளைத் தட்டிக் காட்டினாள்.

ஷீனா இன்னும் அருகில் நின்றுகொண்டிருந்தாள். அவளை யாரும் கேட்கவில்லை. அவளில்லாமலே அப்பாவிடம் வார்த்தை போய்க்கொண்டிருந்தது. கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. தூக்கிச் சுமந்த சாமானை இறக்கி வைத்த பிறகும் தோள் அதே இடத்தில் குனிந்திருக்குமே, அப்படி இருந்தது.

நிகழ்ச்சி இதோடு நின்றிருந்தால் எல்லாம் நல்லபடி முடிந்திருக்கும்.

மோகனன் மேடைக்கு வந்தார். கண் ஓரத்தைத் துண்டால் ஒற்றிக்கொண்டார். உண்மையிலேயே அழுதிருந்தார், ஆனால் இந்தப் பதிவை ஊர் எத்தனை தடவை பார்க்கும் என்றும் அந்தக் கண் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. அப்பாவின் முன்னால் குனிந்து, விரலால் நிஜினையும் ரெஷ்மாவையும் காட்டினார்.

"சொல்லுங்க அண்ணா. உங்க நாற்காலி யாருக்கு?"

அப்பா எழும்பினார். கூட்டத்தைப் பார்த்தார்.

"எட்டு வருஷமா உங்களெ ஏமாத்திட்டேன்," என்றார். "நீங்க கேட்டது எனக்க சத்தம். நான் கேட்டது இவளுக்க சத்தம். உங்களுக்க பேரு, உங்க பிள்ளையளுக்க பேரு, நீங்க சிரிச்சது, அழுதது, எல்லாம் இவ சொல்லித்தான் எனக்குத் தெரியும். அப்பம் இந்த நாற்காலி யாருக்க நாற்காலி? நீங்களே சொல்லுங்க." அவர் ஷீனாவின் தலையில் கை வைத்தார். "எனக்க மவ ஷீனா."

ஆடிட்டோரியம் எழுந்து நின்றது.

முதலில் கைதட்டியது நிஜின்தான். அது அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. "இது போதும், இது போதும்," என்று மோகனன் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். சர்ச்சுப் பெண்களில் ஒருத்தி "ஸ்தோத்திரம்" என்றாள். யாரோ ஷீனாவின் கையில் மைக்கைத் திணித்தார்கள். அத்தனை கைகளுக்கு நடுவில் ஒருவன் மட்டும் தட்டவில்லை. உண்ணியின் இரண்டு கையும் கேமராவில் இருந்தன. அவன் முகம் கேமராவுக்குப் பின்னால் மறைந்திருந்தது.

ஒவ்வொரு வியாழனும். இந்த வெளிச்சத்தில். இன்னும் எத்தனை வருடம்?

மைக்கில் வேண்டாம் என்று சொல்லலாம். ஊரே கேட்கும், அப்பா ஒருவரைத் தவிர. பிறகு அவரிடம் திரும்பி, வாயைத் திறந்து, ஊர் பார்க்க ஒருதடவை காட்ட வேண்டும். வேண். டாம். அவர் முகத்தை அத்தனை பேரும் பார்ப்பார்கள்.

சரி என்று சொல்லிவிடலாம். எட்டு வருடமாக அதைத்தானே சொன்னாள்.

ஷீனா மைக்கை மேசையில் வைத்தாள். தட்டத்திலிருந்து இயர்பீஸை எடுத்தாள். துப்பட்டா நுனியால் துடைத்து, ஒவ்வொரு வியாழக்கிழமையும் வைப்பதுபோல அப்பாவின் காதில் வைத்து அழுத்தினாள். பிறகு மேடையிலிருந்து இறங்கிக் கூட்டத்தின் நடுவே நடந்தாள். இதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்து எல்லாரும் வழிவிட்டார்கள்.

படியேறினாள். கதவைச் சாத்தினாள். ஹெட்போனை மாட்டினாள். பொத்தானை அழுத்தினாள்.

"அப்பா."

மேடையில் அப்பா தலையைச் சாய்த்தார்.

"அப்பா, நானாக்கும். இப்பம் சொல்லுறது யாரும் சொன்னதெத் திருப்பிச் சொல்லுறதில்லெ. எனக்க பேச்சு. நீங்க மட்டும் கேட்டாப் போதும்."

இவ்வளவு வருடமாகப் பேசிய காதுதான். ஆனால் அதற்குள் தன் சொந்த வார்த்தை ஒன்றை இதுவரை வைத்ததில்லை என்பது இப்போதுதான் தெரிந்தது.

"எனக்கு நாற்காலி வேண்டாம் அப்பா. இந்தக் கண்ணாடியும் வேண்டாம். நான் ரொம்பத் தளந்துட்டேன். உங்க மேலெ கோபம் இல்லெ, சத்தியமா இல்லெ. தளர்ச்சி மட்டும்தான். உண்ணிகூட கொச்சிக்குப் போறேன். அவனெக் கல்யாணம் கெட்டப் போறேன். கோபப்படாதீங்கன்னு சொல்ல மாட்டேன், கோபம் வந்தாப் படுங்க. காது மெஷினுக்கு நான் டாக்டர்ட்டெ சொல்லி வச்சிருக்கேன். நிஜின் கூட்டிட்டுப் போவான். அவன்கிட்டெப் பேசுங்க அப்பா. அவன் பாவம்."

கூட்டம் அமைதியாகக் காத்திருந்தது. ஒருவருக்கும் எதுவும் கேட்கவில்லை. சின்னத் திரையில் அப்பாவின் முகம் பெரிதாகிக்கொண்டே வந்தது. உண்ணி நெருக்கத்தில் போய்க்கொண்டிருந்தான். அந்தக் காதில் என்ன விழுகிறது என்று தெரியாமலே அவன் அந்த முகத்தைப் படம் பிடித்துக்கொண்டிருந்தான்.

அப்பாவின் தாடை அசைந்தது. கண்ணை மூடித் திறந்தார். நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்தார்.

"உறப்பா?" என்றார்.

கூட்டம் கொல்லென்று சிரித்தது.

அப்பா சிரிக்கவில்லை. "உறுதியா?" என்று கேட்டார். அந்த வார்த்தையின் நடுவில் அவர் குரல் ஒருமுறை தடுக்கியது.

இந்தக் கேள்விக்கு எத்தனை பேருடைய பதிலை அவள் இதே காதில் சொல்லியிருப்பாள். தயங்கியவர்கள், மாற்றிச் சொன்னவர்கள், அழுதவர்கள்.

"உறுதி, அப்பா."

அவர் தலையசைத்தார். ஒரு போட்டியாளருக்குத் தலையசைப்பதைப் போல, முறையாக. காதிலிருந்து இயர்பீஸை எடுத்துத் தட்டத்தில் வைத்தார். டிங். பிறகு தட்டத்தை இரண்டு கையாலும் தூக்கினார். அது எப்போதும் கேள்வி கேட்கிறவர் கையில் இருக்க வேண்டிய தட்டம். வலது பக்கம் ரெஷ்மா வெறுங்காலோடு நின்றாள். இடது பக்கம் நிஜின், கோட்டுப் பையில் கைகளை விட்டுக்கொண்டு, அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்பா திரும்பினார். வாய் திறந்தார்.

ஷீனா ஹெட்போனைக் கழற்றிவிட்டாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உதடுகள் அசைந்தன. ஆட்கள் துள்ளினார்கள், கைகள் உயர்ந்தன. இந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. யார் பெயர் என்று அப்பாவின் உதட்டைப் படித்துப் பார்க்கலாம். அவள் படிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, சுவரில் தலையைச் சாய்த்து, உட்கார்ந்தாள். காலையிலிருந்து வேண்டுமென்றிருந்தது இதுதான்.

பக்கத்துத் திரையில் படம் கோணலாகத் தொடங்கியது. அப்பாவின் தோள், பிறகு தட்டத்தின் விளிம்பு, அதைப் பிடிக்க நீண்ட ஒரு கையின் நுனி, பிறகு வெறும் திரைச்சீலை. கேமராவை யாரும் பிடித்திருக்கவில்லை.

படியில் யாரோ இரண்டிரண்டு படியாகத் தாண்டி ஏறி வந்துகொண்டிருந்தார்கள்.